வலது கையை யார் சொல்லித் தருவது?

எங்கள் பக்கத்து கிடார் வகுப்புகள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. மூன்று மாதக் கட்டணம் கட்டி ஏமாந்தவனின் புலம்பல் என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை.

அறுபத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தேன். மூன்று மாதத்தில் பன்னிரண்டு கார்டு சொல்லிக் கொடுத்தார்கள். (ரேஷன் கார்டு இல்லை, சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் பிடி.) இடது கையின் எந்த விரல் எங்கே அழுத்த வேண்டும் என்று படம் போட்ட தாள் வேறு. வலது கைக்கு? "டவுன், டவுன், அப், அப், டவுன், அப்" என்று போர்டில் ஆறு அம்புக்குறி. அவ்வளவுதான். கடைசி வரை ஒரு பாட்டைக்கூட நிற்காமல் வாசிக்க வரவில்லை. விரலால் மீட்டும் முறையைக் கேட்டதற்கு, "அங்கிள், உங்க வயசுக்கு அதெல்லாம் எதுக்கு? நாலு கார்டு போதும், டைம்பாஸ் ஆகும்" என்றார் அந்தத் தம்பி.

டைம்பாஸுக்கு எனக்கு டி.வி. இருக்கிறது.

நான் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவன். மோர்ஸ் சாவி தட்டப் பழகியபோது எங்களுக்குச் சொன்ன முதல் பாடமே மணிக்கட்டைத் தளர்வாக வை என்பதுதான். விறைப்பாகத் தட்டியவர்கள் கைவலியோடு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். கிடாரிலும் அதேதான். கை கழுவிவிட்டு ஈரத்தை உதறுகிறோமே, அந்த உதறல் வந்தால் ஸ்ட்ரம்மிங் வந்துவிடும். முழங்கையால் ரம்பம் அறுத்தால் வராது.

அந்த அம்புக்குறியில் என்ன தப்பு தெரியுமா? இரண்டு "அப்" அடுத்தடுத்து வருகிறதே, நடுவில் கை கீழே இறங்காமல் எப்படி மறுபடி மேலே போகும்? அங்கே ஓசையில்லாத ஒரு "டவுன்" இருக்கிறது. கை இறங்கும், தந்தியைத் தொடாது. இதைச் சொல்லாததால் புதிதாகப் படிக்கிறவன் அந்த இடத்தில் கையை நிறுத்துகிறான், தாளம் கவிழ்கிறது. கச்சேரியில் பாடகர் மூச்சு வாங்கும்போது நாம் தொடையில் போடும் தாளத்தை நிறுத்துகிறோமா? அந்தப் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. இடது கையால் தந்திகளை லேசாக மூடிக்கொண்டு, கார்டே பிடிக்காமல், எட்டு எண்ணி வலது கையை மட்டும் ஆட்டிப் பாருங்கள். கீழே வரும்போது எல்லாத் தந்தியும், மேலே போகும்போது மெல்லிய இரண்டு மூன்று மட்டும் போதும்.

மிருதங்க வாத்தியார் முதல் மாதமே தனி ஆவர்த்தனம் எடுப்பாரா? "த தி தொம் நம்" என்று மாதக்கணக்கில் உட்கார வைப்பார். விரல் மீட்டலுக்கும் அப்படி ஒரு பாடம் உண்டு. கட்டைவிரலுக்குத் தடித்த மூன்று தந்தி. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களுக்கு மற்ற மூன்றில் ஆளுக்கொன்று. முதலில் கட்டைவிரல் மட்டும், இரண்டு தடித்த தந்தியில் மாறி மாறி, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே வாசிக்க வரும் வரை. எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. பிறகுதான் ஒரு விரலைச் சேர்த்தேன்.

வயசு என்கிறார்களே, அமெரிக்காவில் எலிசபெத் காட்டன் என்று ஒரு அம்மாள் இருந்தார். சிறு வயதில் வாசித்ததைப் பல பத்தாண்டுகள் விட்டுவிட்டு, வீட்டு வேலைக்குப் போன இடத்தில் மறுபடி கிடாரைத் தொட்டார். முதல் இசைத்தட்டு 1958இல், அறுபது தாண்டிய பிறகு. இடது கைக்காரர், கிடாரைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் அடிஸ்வரத்தையும் வாசித்தார். கிராமி விருது வந்தபோது தொண்ணூறை ஒட்டிய வயது. அவரிடம் யாராவது நாலு கார்டு போதும் என்று சொல்லியிருந்தால்?

விரல் மூட்டு வலிப்பவர்கள் இருக்கிறோம், மறுக்கவில்லை. அதற்கு 12 நம்பர் தந்தியை மாற்றி 10 போட்டுக்கொள்ளலாம். தந்தியின் உயரத்தைக் கடையில் குறைத்துத் தருவார்கள். எல்லாத் தந்தியையும் ஒரே விரலால் அழுத்தும் பிடி எனக்கு இன்றும் வராது. விட்டுவிட்டேன், பாட்டு நிற்கவில்லை.

போன வாரம் அந்த வகுப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் புது பேட்ச் அறிவிப்பு வந்தது. முதல் மாதம் முழுக்க வலது கை மட்டும் சொல்லித் தருவதானால் வருகிறேன் என்று பதில் போட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில்தான் காணோம்.