தானாகச் சரியாகிவிடுமா?

குப்பனூரில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் ஒரு பாட்டி, மடியில் இரண்டரை வயதுப் பேரன். ஏற்காடு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பினோம். பையன் மட்டும் கையிலிருந்த பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் பேசலீங்களா?" என்றேன்.

"இவங்கப்பனே நாலு வயசுலதான் பேசுனான் கண்ணு. போகப் போகச் சரியாப் போயிரும்."

ஊர் ஊராகக் கேட்கும் இந்தப் பேச்சு எத்தனையோ பிள்ளைகளின் நல்ல காலத்தைத் தின்றிருக்கிறது. பல பிள்ளைகள் விஷயத்தில் பலித்துவிடுவதுதான் இதன் ஆபத்து. அப்பன் நாலு வயதில் பேசியது உண்மையாகவே இருக்கட்டும். காது கேட்டும் பேச்சு தாமதமாகிற பிள்ளையும், காதே கேட்காத பிள்ளையும் இரண்டு வயதில் பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சோதிக்காமல் எப்படிப் பிரிப்பது? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்த ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும். கருவி வைத்த பிறகும் பேச்சுப் பயிற்சி நெடுநாள் வேண்டும். நாலு வயதுவரை காத்திருந்தால் மிச்சம் எவ்வளவு?

காத்திருப்பது நம் வழக்கமும் இல்லை. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி என்று மாதக் கணக்கு வைத்தார்கள். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் இரண்டு வயதுவரையான பிள்ளைகளுக்குத் தந்த அட்டவணையிலும் கைகொட்டுதல் உண்டு. மொத்தமே 17 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. குழந்தையின் மாதத்துக்கு நேராகப் பென்சிலை நிமிர்த்தி வைக்க வேண்டும். அதற்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட கோடுகளுக்குரிய செயல்களில் ஏதாவது ஒன்றைக் குழந்தை செய்யவில்லையென்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஒலி கேட்டுத் தலை திருப்புவதும் அந்தப் பதினேழில் ஒன்று.

பாட்டியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டப்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட மையத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவது என்றால் பெரும்பாலும் ஒரு சீட்டு. காதுக்கு ஒரு நாள், நரம்புக்கு ஒரு நாள், அடையாள அட்டைக்கு வேறொரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு கூலி போகும். அங்கன்வாடி டீச்சருக்குப் பிள்ளையைத் தெரியும், கிராம செவிலியருக்கு வீட்டைத் தெரியும், மருத்துவருக்கு நோயைத் தெரியும். சீட்டு என்ன ஆனது என்று கேட்பது இவர்களில் யார் பொறுப்பு? அந்த வீட்டுக்கென்று ஒருவர் பெயர் எழுதப்பட வேண்டும். பிள்ளை சிகிச்சைக்குள் வரும்வரை அவர் விடக் கூடாது. ஆள் இல்லாத இடத்தில் "தானாகச் சரியாகிவிடும்" என்பதுதான் ஏழை வீட்டுக்குக் கிடைக்கிற ஒரே ஆறுதல்.

பஸ் வளைவில் மறைந்தது. பாட்டி பையனின் வாயைத் துடைத்துவிட்டு, வேறு யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்: "சேலத்துல எந்தக் கெழம காது பாப்பாங்க கண்ணு? எஸ்டேட்டுல இவங்கம்மாளுக்கு முன்கூட்டியே சொல்லோணும்."