கண்ணாடிக் கந்தோர்கள்

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, திறக்கேலாத யன்னல், சுவருக்கு வெளியே ஏசிப் பெட்டி. அச்சுவேலி போன்ற சிறு பட்டினங்களிலும் இப்ப கந்தோர் எண்டால் இதுதான்.

நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைக்குள். மத்தியான வெயிலைக் கூரை வாங்கும். காலை, பின்னேர வெயில் சரிந்து கிழக்கு, மேற்குச் சுவர்களில் அடிக்கும். மேற்குப் பார்த்த கண்ணாடியைச் சின்னத் தாழ்வாரம் காப்பாற்றாது. ஏசி முழுநாளும் அந்த வெக்கையோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். கட்டுகிறவருக்கு இதில் கவலையில்லை. கரண்ட் பில் வாடகைக்கு வாறவருக்குத்தானே!

நாற்சார் வீட்டுக் கதை மாடிக் கட்டடத்துக்குச் சரிவராது என்பார்கள். ஜெஃப்ரி பாவா 1970களின் கடைசியில் கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கு 12 மாடி வடிவமைத்தார், வெயிலை மறைத்து, காற்று உள்ளே ஓடுகிற மாதிரி. எங்களுக்குச் சோழகம் சும்மா வீசுது.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு. அப்படியொரு நாளில் இந்தக் கட்டடத்துக்குள் இருந்து வேலை செய்யேலுமா? அனுமதி கொடுக்க முன்னம் பிரதேச சபை வரைபடத்தைப் பார்த்து இதைக் கேட்கட்டும்.