1.0 டர்போவா, 1.5 லிட்டரா? குடும்ப கார் வாங்குறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

கார் ஷோரூமுக்குப் போனதும் பலருக்கும் வரும் முதல் குழப்பம் இதுதான். ஒரே மாடலில் 1.2 லிட்டர் இன்ஜினும் இருக்கு, அதைவிடச் சின்னதான 1.0 லிட்டர் டர்போவும் இருக்கு. ஆனா சின்ன இன்ஜின் வண்டிதான் விலை அதிகம்! பக்கத்திலேயே 1.5 லிட்டர் இன்ஜின் கார் நிற்கிறது. எதை எடுப்பது? இன்ஜின் அளவை வைத்துத்தான் வரியும் இன்சூரன்ஸும் முடிவாகின்றன என்பதால், இந்த முடிவில் லட்சக்கணக்கான ரூபாய் அடங்கியிருக்கிறது.

வரியில் எவ்வளவு வித்தியாசம்?

2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜிஎஸ்டி மாற்றத்தின்படி, சிறிய கார்களுக்கு 18% வரி, மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40% வரி. சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதோடு பெட்ரோல், சிஎன்ஜி இன்ஜின் 1,200 சிசியையும், டீசல் இன்ஜின் 1,500 சிசியையும் தாண்டக் கூடாது. இரண்டு நிபந்தனைகளும் பொருந்தினால்தான் 18%.

உதாரணத்துக்கு மாருதியின் ஃபிரான்க்ஸ், பிரெஸ்ஸா கார்களைப் பார்ப்போம். இரண்டுமே 3,995 மி.மீ நீளம்தான். ஃபிரான்க்ஸில் இருப்பது 1,197 சிசி அல்லது 998 சிசி டர்போ இன்ஜின், அதனால் 18%. பிரெஸ்ஸாவில் 1,462 சிசி இன்ஜின், அதனால் 40%.

தமிழ்நாட்டில் சாலை வரியையும் சேர்த்துப் பார்க்கணும். 2023 நவம்பர் முதல், 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு ஆயுள்கால வரி 13%. 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18%. வரிக்கு முந்தைய விலை 8 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 18% ஜிஎஸ்டியில் அது 9.44 லட்சம் ஆகும். 40% என்றால் 11.20 லட்சம். இதன் மேல் ஆயுள்கால வரியும் சேரும்போது, மொத்த வித்தியாசம் சுமார் 2.55 லட்சம் ரூபாய்!

வேரியண்ட் தேர்விலும் இது முக்கியம். 9.90 லட்ச ரூபாய் காருக்குப் பதிலாக 10.40 லட்ச ரூபாய் டர்போ வேரியண்ட் எடுத்தால், 50 ஆயிரம்தானே கூடுதல் என்று தோணும். ஆனா ஆயுள்கால வரியில் மட்டும் இன்னொரு 58,500 ரூபாய் ஏறிவிடும்.

இன்சூரன்ஸ்

2022 ஜூனில் அமலான கட்டணப்படி, புது காருக்கான 3 ஆண்டு தேர்டு பார்ட்டி பிரீமியம் 1,000 சிசி வரை 6,521 ரூபாய். 1,000 முதல் 1,500 சிசி வரை 10,640 ரூபாய். அதாவது, 998 சிசி டர்போ காருக்கு 1.2 லிட்டர் காரைவிடக் குறைவு.

சின்ன இன்ஜின் இழுக்குமா?

சிசி குறைவு என்பதால் இழுவையும் குறைவு என்று சொல்ல முடியாது. ஃபிரான்க்ஸின் 1.0 டர்போ சுமார் 148 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது, அதுவும் 2,000 ஆர்பிஎம்மிலேயே. பிரெஸ்ஸாவின் 1.5 லிட்டர் தருவது சுமார் 137, அதற்கு 4,400 ஆர்பிஎம் வரை மிதிக்கணும். சாதாரண 1.2 லிட்டரில் 113 மட்டுமே.

மலைப்பாதையில் இது நல்லாவே தெரியும். உயரம் கூடக்கூட காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 1% சக்தியை இழக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டிக்குப் போய்ச் சேரும்போது ஐந்தில் ஒரு பங்கு சக்தி போயிருக்கும். ஐந்து பேர், லக்கேஜ், ஏசி என்றால் 1.2 லிட்டர் திணறும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் இந்தச் சிக்கல் குறைவு.

டர்போவில் குறையே இல்லையா?

இருக்கு. வேகமாக மிதித்தால் மைலேஜ் சட்டென இறங்கும். மாதம் 1,000 கி.மீ ஓட்டுபவருக்கு லிட்டருக்கு 18 கி.மீ கிடைத்த இடத்தில் 15 கிடைத்தால், 11 லிட்டர் கூடுதல் பெட்ரோல். சரியான கிரேடு ஆயிலைச் சரியான நேரத்தில் மாற்றியே ஆகணும். மலையேறி முடித்ததும் உடனே ஆஃப் பண்ணாமல் ஒரு நிமிடம் ஓடவிடுவது நல்லது. பல ஆண்டுகள் கழித்து டர்போ பழுதானால் செலவு அதிகம். டர்போ இல்லாத இன்ஜினில் அந்தக் கவலையே கிடையாது.

யாருக்கு எது?

* ஊருக்குள் ஆபீஸ், ஸ்கூல், கடைன்னு மட்டும் ஓட்டுறீங்களா? 1.2 லிட்டர் போதும்.
* அடிக்கடி நெடுஞ்சாலை, மலைப்பயணம், வண்டி நிறைய ஆட்களா? 1.0 டர்போ பொருத்தம்.
* 10 வருஷத்துக்கு மேல் வைத்திருக்கணும், டர்போ பராமரிப்பு வேண்டாம், ஆனா நிதானமான சக்தி வேணுமா? 1.5 லிட்டர் எடுக்கலாம். அதற்கு 40% வரி உண்டு என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும், டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீங்க. குடும்பத்தையே ஏற்றி, ஏசி போட்டு, ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்க. பிறகு எக்ஸ் ஷோரூம் விலையை விட்டுவிட்டு, ஆன்-ரோடு விலையை எழுதி வாங்கி ஒப்பிடுங்க.