சுவரோடு சேர்த்து வார்க்க வேண்டிய தோட்டம்

சென்னை பெரும்பாக்கத்தில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட 1,152 வீடுகள் செங்கல் அடுக்கிக் கட்டியவை அல்ல. கான்கிரீட் பாகங்களை அச்சில் தனித்தனியாக வார்த்து, கிரேனில் தூக்கி, ஒன்றோடொன்று பொருத்தி எழுப்பியவை. மத்திய அரசின் ‘லைட் ஹவுஸ்’ திட்டத்துக்குத் தேர்வான ஆறு நகரங்களில் சென்னையும் ஒன்று. அதே திட்டத்தில் ராஞ்சியில் ஒருபடி மேலே போய், அறையையே முழுதாக வார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். வேலை சீக்கிரம் முடிகிறது, கட்டுமானக் கழிவு குறைகிறது. நகர்ப்புற ஏழைகளுக்கு இனி வரும் வீடுகளில் பல இப்படித்தான் வரப்போகின்றன.

அந்த வீட்டில் ஒரு கட்டுக் கீரை வளர்க்க இடம் எங்கே என்பதை வரைபடம் போடும் நாளிலேயே கேட்டாக வேண்டும். குடியேறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

செங்கல் வீடென்றால் பிறகொரு நாள் கொத்தனாரை அழைத்து ஓரிடத்தில் இடித்து, குழாய் இழுத்து, தொட்டி கட்டிக்கொள்ளலாம். அச்சில் வார்த்த சுவரில் அந்தச் சலுகை கிடையாது. மின்கம்பி போகும் குழாய், தண்ணீர்க் குழாய்க்கான துளை எல்லாம் கான்கிரீட் ஊற்றும் முன்பே அச்சுக்குள் வைக்கப்பட்டுவிடும். பிற்பாடு கண்ட இடத்தில் துளைபோட்டால் உள்ளே இருக்கும் கம்பி அறுபடலாம். இரண்டு பலகைகள் சேரும் இணைப்பில் அடைப்பு பெயர்ந்தால் மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கும். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

பாரம் இன்னும் பெரிய விஷயம். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடி, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்க வேண்டும் என்கிறது கட்டடப் பாரம் பற்றிய இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875. ஓர் அடி உயரத்துக்குக் கொட்டிய ஈரமண், அதே சதுர மீட்டரில் அரை டன் கனக்கும். தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய பைகள் அதைவிட வெகு இலேசு என்றாலும், நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வரிசையாக முப்பது, நாற்பது பைகள் வரப்போகின்றன என்பது பொறியாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு மாடித்தோட்டத்துக்குப் புதிதல்ல. சென்னையிலும் கோவையிலும் 2013-லேயே மானிய விலையில் பைகள், நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்ந்த தொகுப்பைக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் சொந்த மொட்டைமாடி உள்ளவர்களுக்கே அது எளிதாகப் பயன்படுகிறது. அடுக்குமாடியில் மாடி எல்லாருக்கும் பொது. அதன் கதவோ பல இடங்களில் பூட்டியே கிடக்கிறது. தோட்டக்கலைத் துறை பையைக் கொடுக்கிறது. அந்தப் பையை வைக்க இடம்விடும் கடமை வீடு கட்டும் துறைக்கு இல்லை. காய்கறி விலை ஏறினால் முதலில் அடிபடும் குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் விழுந்து கிடக்கின்றன.

சிங்கப்பூரில் இந்த இடைவெளியை ஒரு கட்டடமாவது அடைத்துக் காட்டியிருக்கிறது. முதியோருக்கான சிறு வீடுகள், மருத்துவ மையம், உணவங்காடி எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்த கம்போங் அட்மிரல்டியின் மேல்தளத்தில் குடியிருப்பாளர்கள் பயிர் செய்யும் தோட்டம் இருக்கிறது. அது கட்டி முடித்தபின் நினைவுக்கு வந்து ஒட்டவைத்ததல்ல, வரைபடத்திலேயே இருந்தது. 2018-ல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாக அது தேர்வானது.

அதே சிங்கப்பூர் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை 2030-க்குள் உள்நாட்டிலேயே விளைவிப்போம் என்று 2019-ல் அறிவித்தார்கள். வாகன நிறுத்தக் கட்டடங்களின் மேல்தளங்களை வணிகப் பண்ணைகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை; 2025-ல் அந்த இலக்கையே மாற்றிக்கொண்டார்கள். ஆனால் 2005-ல் தொடங்கிய குடியிருப்போர் தோட்டங்கள் இன்று இரண்டாயிரத்தைத் தாண்டி நிற்கின்றன. லாபத்தை நம்பிய மாடிப் பயிர் தடுமாறியது, குடியிருப்போர் தங்களுக்காக வளர்த்த பயிர் நிலைத்தது. நாம் பின்பற்ற வேண்டியது இரண்டாவதைத்தான்.

இடமே இல்லாத வீட்டில் தோட்டத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் முதல் கட்டத்தில் நலிந்த பிரிவினரின் வீட்டுக்கு உள்பரப்பு 30 சதுர மீட்டர்வரைதான் இருந்தது. அப்படிப்பட்ட சிறு வீட்டில் ஒரு சாண்கூடச் செடிக்காகப் பறிக்கக் கூடாது. பிள்ளைகள் படுக்கவே இடம் போதாது. கேட்பது வீட்டுக்கு வெளியே உள்ள இடத்தை: பால்கனிக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து வார்த்த ஒன்றரை அடி அகலத் தொட்டி, அதன் அடியில் வடிகால் துளை, மொட்டைமாடியில் வெயில் விழும் பக்கத்தில் பாரம் தாங்கும் ஒரு பகுதி, அங்கே இரண்டு குழாய்கள். வடிகால் சரியாக இருந்தால் தண்ணீர் தேங்காது, டெங்குக் கொசு பயமும் குறையும்.

என்ன விளையும் என்பதிலும் நிதானம் வேண்டும். தக்காளிக்கும் கத்தரிக்கும் நாளுக்கு ஆறு மணி நேர வெயில் தேவை. அவற்றுக்கு மாடிதான் சரி. காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பால்கனியில் சிறுகீரை, முளைக்கீரை, புதினா வரும். கொடிப்பசலை கம்பியைப் பற்றிக்கொண்டு தானே ஏறும். விதைத்த ஒரு மாதத்துக்குள் சிறுகீரையைப் பறித்துப் பொரியல் செய்துவிடலாம். அரிசி, பருப்புக்குக் கடைக்குத்தான் போக வேண்டும். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் கீரை வீட்டிலேயே கிடைப்பது சத்துக் குறைந்த குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குச் சின்ன விஷயமில்லை.

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் இனி விடும் டெண்டர் ஆவணத்தில் தளத்தின் பாரம், தொட்டியின் அச்சு, குழாய், வடிகால் ஆகியவற்றை நிபந்தனையாகவே எழுதலாம். மாடிக் கதவின் சாவி குடியிருப்போர் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்க்கலாம். அச்சு வார்க்கத் தொடங்கும் முன் இதைச் செய்தாக வேண்டும்.