ஐந்தாண்டு தாங்காதவனுக்குத் தண்டமா?

தீயணைக்கும் வீரனுக்கு ஐம்பது வயதிலே மூச்சு வாங்கும். ஏணி ஏறிய கால் தளரும். ஆகவே அவன் மற்றவர்களைப் போல முதுமை வரை காத்திராமல் முன்னதாகவே பணியிலிருந்து இறங்கித் தன் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொட்டால், அதற்காக அவனிடம் தண்டம் பிடிக்கலாகாது. இப்படி ஒரு சட்டம் இருக்கிறது, தோழர்களே! எங்கே? பாட்டாளி அரசோச்சும் நாட்டிலே அன்று. முதலாளித்துவத்தின் கோட்டை என்று நாம் மேடைதோறும் வருணிக்கும் அமெரிக்காவிலே!

அந்நாட்டில் ஓய்வுக்காலக் கணக்கிலுள்ள பணத்தை 59½ வயதுக்கு முன்பே எடுப்பவர், வருமான வரியோடு மேற்கொண்டு 10 விழுக்காடு கட்டியாக வேண்டும் என்பது பொது விதி. 55 வயதிலோ அதற்குப் பின்னரோ வேலையை விட்டு விலகுவோருக்கு அந்த நிறுவனத்துத் திட்டப் பணத்தின்மீது இத்தண்டம் இல்லை. 2006ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம், மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் காவலருக்கும் தீயணைப்போருக்கும் அவசர மருத்துவ ஊழியருக்கும் அந்த வயதை 50 ஆகக் குறைத்தது. 2015இல் நடுவண் அரசின் காவலரும் தீயணைப்போரும் சேர்ந்தனர். 2022இல் தனியார் தீயணைப்போரும் சிறைக் காவலரும் சேர்ந்தனர். 25 ஆண்டு பணிபுரிந்தவராயின் வயதையே கேட்பதில்லை என்றும் ஆயிற்று. அமெரிக்க ஆட்சியின் கருணையைப் பாட இதைச் சொல்லவில்லை. உடலைத் தின்னும் தொழில் என்று ஒன்று உண்டு. அத்தொழிலாளிக்கு மற்றவர் கணக்கு பொருந்தாது என்ற உண்மையை, வரி தண்டும் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனித் திருப்பூருக்கு வருவோம்.

சாயப்பட்டறையிலே காஸ்டிக் சோடாவுக்கும் சாய ஆவிக்கும் நடுவே நிற்கிறவனுடைய நுரையீரல் என்ன இரும்பா? நாள் முழுவதும் நீராவிப் பெட்டியை இழுத்து அயர்ன் போடுகிறவனின் தோள் என்ன எந்திரமா? ஓவர்லாக்கிலே குனிந்த முதுகு, பிசிறு வெட்டும் பெண்ணின் மங்கும் கண், நிட்டிங் எந்திரத்தருகே பஞ்சுத் தூசியை உண்ணும் தொண்டை: இவையெல்லாம் 58 வயது வரை தாங்கும் என்று எந்த மருத்துவன் சான்று கொடுத்தான்? தாங்காதபோது அவன் வேலையை விடுகிறான், பி.எப். பணத்தைக் கேட்கிறான். அப்போதுதான் சட்டம் அவனைப் பார்த்து, "ஐந்தாண்டு ஆயிற்றா?" என்கிறது.

வருங்கால வைப்பு நிதியை ஐந்தாண்டுத் தொடர்பணி முடியுமுன் முழுவதும் எடுத்தால் அது வரிக்குரிய வருமானம் என்பது பழைய விதி. 2015 ஜூன் முதல், கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்ளும் 192ஏ பிரிவு வந்தது. அன்று 30,000 ரூபாய் வரம்பு. 2016 ஜூனில் அது 50,000 ஆயிற்று. பிடித்தம் 10 விழுக்காடு. பான் எண் தராதவரிடம் உச்ச வரி விகிதத்திலேயே பிடித்தார்கள். 2023 ஏப்ரலில்தான் அது 20 விழுக்காடாக இறங்கியது. 2025இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டமும் இந்த ஐந்தாண்டு விதியைப் பத்திரமாகச் சுமந்துகொண்டு வந்துவிட்டது.

கணக்குப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய்க்கு வைப்பு நிதி பிடிக்கப்படும் ஒரு தொழிலாளி. அவன் பங்கு 1,800. முதலாளி பங்கிலே 1,250 ஓய்வூதியத்துக்குப் போக, 550 இந்தக் கணக்கிற்கு வரும். நான்காண்டில், வட்டியை விட்டுவிட்டாலும், 1,12,800 ரூபாய். இதிலே 11,280 ரூபாய் பிடித்தம். ஏறத்தாழ முக்கால் மாதக் கூலி! பான் அட்டை இல்லையென்றால் 22,560.

வரி கட்டவேண்டிய வருமானமா அவனுக்கு? புதிய வரிமுறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை சம்பளக்காரர் வரி கட்ட வேண்டாம் என்று 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே முழங்கினார்கள். அதிலே ஆறில் ஒரு பங்கும் ஈட்டாத பனியன் தொழிலாளியிடம் முதலில் பிடித்துக்கொள்வானேன்? "படிவம் கொடுக்கலாம், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்" என்பார்கள் சட்டம் கற்றோர். பெறலாம்தான். ஒடிசாவுக்கோ பீகாருக்கோ ரயிலேறிவிட்டவன், படிவம் எழுத ஒருவருக்கும் தாக்கல் செய்ய ஒருவருக்கும் கூலி கொடுத்து, தன் பணத்தைத் தானே விரட்டிப் பிடிக்க வேண்டும்!

அதுபோகட்டும், ஐந்தாண்டு என்கிறார்களே, அதைப் பாருங்கள். ராயபுரத்திலே கைமடித்தாள், அனுப்பர்பாளையத்திலே செக்கிங் செய்தாள், வீரபாண்டியிலே பவர் டேபிளில் உட்கார்ந்தாள். இருபதாண்டு இதே ஊரிலே, இதே தொழிலிலே உழைத்தவள்தான். ஆனால் ஒவ்வொரு காண்ட்ராக்ட்காரரும் ஒவ்வொரு கணக்குத் தொடங்கினார். பழைய கணக்கைப் புதியதோடு சேர்க்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. சேர்த்திருந்தால் முன் பணிக்காலமும் கூடியிருக்கும். சேர்க்காததால், இருபதாண்டு உழைத்தவள் சட்டத்தின் கண்ணிலே ஐந்தாண்டு உழைக்காதவள்!

இன்னொன்று. 1925ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் கீழ் வரும் அரசுப் பணியாளரின் பொது வைப்பு நிதிக்கு இந்த ஐந்தாண்டுச் சோதனையே கிடையாது. நிலையான வேலை உடையவருக்குச் சோதனை இல்லை; நாளைக்கு வேலை இருக்குமா என்று அறியாதவருக்குச் சோதனை! அரசு ஊழியர் மீது நமக்குப் பகையில்லை. அவருக்குள்ள நியாயம் ஆலைத் தொழிலாளிக்கும் வேண்டும் என்கிறோம்.

சட்டத்திலே விலக்கே இல்லையா? இருக்கிறது, அதைத்தான் தோழர்கள் மனத்திலே பதிக்க வேண்டும். தொழிலாளியின் உடல்நலக் குறைவு. நிறுவனத்தின் தொழில் சுருங்குதல் அல்லது நின்றுபோதல். தொழிலாளியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட வேறு காரணம். இந்த மூன்றில் எதனால் வேலை போனாலும் ஐந்தாண்டு முடியாவிட்டாலும் வரி இல்லை. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டனவே, நொய்யலைக் கெடுத்தது அங்கே வாளி தூக்கியவனா? 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது ஆர்டர் சுருங்கியதே, அது தையல்காரன் செய்த குற்றமா? இரண்டும் விலக்குக்குள் நேராக வருபவை. ஆனால் நடப்பது என்ன? வேலையை விட்ட காரணம் என்ற கட்டத்திலே "குறுகிய பணிக்காலம்" என்று பதிவாகிறது. அதோடு கதவு சாத்தப்படுகிறது. உடல் நைந்து போனவனும், ஆர்டர் இல்லாமல் அனுப்பப்பட்டவனும் தானே விலகியவர்களைப் போலக் கணக்கில் நிற்கிறார்கள்.

"முதுமைக்கென்று வைத்த பணத்தை இளமையில் எடுத்தால் என்னாவது?" என்று கேட்போர் நம் அணியிலும் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் பசியோடு இருப்பவனிடம் விதைநெல்லைப் பூட்டி வைத்துவிட்டுச் சேமிப்பின் பெருமை பேசுவது நியாயமா? 2016 பிப்ரவரியில் முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்கக்கூடாது என்று நடுவண் அரசு ஆணையிட்டது. ஏப்ரல் 18, 19 நாள்களில் பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், சாலைகளை நிரப்பினார்கள். 19ஆம் நாளே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு நிதிநிலை அறிக்கையிலே, எடுக்கும் வைப்பு நிதியில் 60 விழுக்காட்டுக்கு வரி என்று சொன்னதையும் மார்ச் 8இல் விழுங்கினார்கள். இத்தனைக்குப் பிறகும் 2025 அக்டோபர் 13இல் வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு, 25 விழுக்காட்டை இருப்பாக வைக்க வேண்டும், வேலையிழந்தவர் முழுத்தொகையைப் பெற இரண்டு மாதத்திற்குப் பதில் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. எஞ்சியதை எளிதாக எடுக்க வழிசெய்தோம் என்கிறார்கள், அது உண்மை. வேலையற்றவனின் அடுப்பு ஓராண்டு காத்திருக்குமா என்பதற்குத்தான் விடை இல்லை.

நாம் கேட்பது பெரிதன்று. சாயம், சலவை, நிட்டிங், அயர்ன் போன்ற பணிகளை உடலைத் தேய்க்கும் தொழில் என்று பட்டியலிட்டு, அவற்றில் உழைத்தவருக்கு ஐந்தாண்டு விதியை நீக்குக. தீயணைப்போருக்கு அமெரிக்கா செய்ததை நெருப்பும் நீராவியும் சூழ நிற்பவருக்கு இந்தியா செய்யட்டும். வரி வரம்புக்குக் கீழுள்ளோரிடம் பிடித்தமே கூடாது. படிவம் கேட்டும் அலைக்கழிக்கக் கூடாது.

அது வரும்வரை இருக்கிற விலக்கையாவது பயன்படுத்துவோம். நோயால் விலகுவோர் ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய கணக்குகளைப் புதிய எண்ணோடு இணைத்துத் தருவதைக் கிளைத் தோழர்கள் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் குறைந்ததால் நிறுத்தப்பட்டவருக்கு அதையே காரணமாக நிறுவனத்தார் எழுத்தில் தர வேண்டும். அந்த ஒரு வரியை வாங்காமல் கணக்கு முடிக்கும் தாளில் கையொப்பமிட வேண்டாம் என்று இந்த வாரமே கம்பெனி வாசல்களில் சொல்லுங்கள்.