சித்தூர் வட்டமும் நிர்வாக வரலாற்றின் அலகும்

1945ஆம் ஆண்டில் மீனாட்சிபுரத்தில் ஒரு குழந்தை பிறந்ததாகக் கொள்வோம். பிறக்கும்போது அது கொச்சி மன்னரின் குடி. நான்கு வயதில், 1949 ஜூலை 1 அன்று, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்ததாகிறது. திருச்சூர் மாவட்டம் அதன் முகவரியில் ஏறுகிறது. 1956 நவம்பர் 1 முதல் கேரளம். 1957 ஜனவரி 1 அன்று புதிதாகப் பிறந்த பாலக்காடு மாவட்டம். பன்னிரண்டு ஆண்டுகளில் இத்தனை ஆட்சிகள் மாறியும் அந்தக் குழந்தை வீட்டை விட்டு நகரவில்லை. பேசிய தமிழும் மாறவில்லை. ஆயினும் கேரள நிர்வாக வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன: 'சித்தூர் வட்டம் பாலக்காட்டுடன் இணைக்கப்பட்டது.'

அந்த ஒரு வரிக்குள் அடங்காத செய்தி மிகுதி. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மலபார் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1800இல் பம்பாயிலிருந்து சென்னை மாகாணத்திற்கு மாற்றப்பட்டது. பாலக்காடு அதன் பகுதி. சித்தூரோ கொச்சி அரசுக்குரியது. மேற்கே மலபார் மாவட்டம், கிழக்கே கோயம்புத்தூர் மாவட்டம், இவற்றிடையே தாய்நிலத்திலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு தீவாக அது கிடந்தது. திருச்சூரிலிருந்து சித்தூருக்கு வர வேண்டிய கொச்சி அதிகாரி ஆங்கிலேயர் நிலத்தைக் கடந்தே வரவேண்டும். பாலக்காட்டுக்கும் சித்தூருக்கும் இடையில் நடந்து செல்லும் தூரமே. நிலவரி, நீதிமன்றம், காவல் ஆகியவை மட்டும் வேறு வேறு.

ஒப்பீட்டுக்காக ஜெர்மனியை நோக்கலாம். 1947 பிப்ரவரி 25 அன்று நேசநாட்டுக் கட்டுப்பாட்டு மன்றம் பிரஷ்ய அரசைச் சட்டப்படி கலைத்தது. அதன் கிழக்கு மாகாணங்களின் ஊரக மாவட்டங்கள் அதற்கு முன்னரே போலந்திடமும் சோவியத் ஒன்றியத்திடமும் போய்விட்டன. அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ஜெர்மானியர் மேற்கே சென்று, மறைந்த மாவட்டத்தின் பெயராலேயே சங்கங்கள் அமைத்து, ஊர் ஊராகப் பட்டியலிட்டு வரலாறு எழுதினர். அங்கே மக்கள் அகன்றனர், மாவட்டத்தின் நினைவு நின்றது. சித்தூரில் மக்கள் நின்றனர், மாவட்டங்கள் அவர்களைக் கடந்து சென்றன. நின்றவர்களின் வரலாற்றை எழுத எவரும் முற்படாமையே விந்தை. (புலம்பெயர்வுக்குக் கிடைக்கும் ஆய்வு நிதி, பெயராமைக்குக் கிடைப்பதில்லை போலும்.)

இது ஏட்டுச் சிக்கல் அன்று. பட்டியல் சாதியினர்க்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் 1950 ஆகஸ்டு 10. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்ந்தவர் தம் பட்டியல் தகுதியை உடன் கொண்டுவர இயலாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உறுதி செய்தது. எனவே அந்த நாளுக்கு முன்பே முன்னோர் இங்கே குடியிருந்தனர் என்ற சான்று சாதிச் சான்றிதழுக்குத் தேவைப்படுகிறது. ஆனால் அந்த நாளில் கேரளம் என்ற மாநிலமே இல்லை. பொள்ளாச்சியும் பாலக்காடும் அன்று ஒரே சென்னை மாநிலம். பாலக்காடும் சித்தூரும் வெவ்வேறு மாநிலங்கள். 1952இல் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் சென்று குடியேறிய கூலித் தொழிலாளி மாநில எல்லை எதையும் தாண்டவில்லை. பாலக்காட்டிலிருந்து சித்தூருக்கு வந்தவர் தாண்டினார். இன்றைய வரைபடத்தை விரித்து அவர்களின் பேரப்பிள்ளைகளை விசாரிக்கும் அலுவலருக்கு இது தலைகீழாகவே தோன்றும்.

இன்னொன்று. 1956க்குப் பிறகும் கேரளத்தின் பட்டியலில் சில சாதிகள் மலபார் மாவட்டத்திற்கு எனவும், வேறு சில அது நீங்கலான பகுதிகளுக்கு எனவும் பிரிந்தே இருந்தன. அந்தப் பகுதிக் கட்டுப்பாட்டைப் பெரும்பாலும் நீக்கியது 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். ஆக, 1957இல் அழிந்ததாகச் சொல்லப்படும் மலபார் எல்லை, சான்றிதழ் மேசையில் மேலும் இருபது ஆண்டுகள் உயிரோடு இருந்தது.

இடுக்கியில் இதே வினா இன்னும் கூர்மையானது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் பெருந்தொகையினராக இருந்தும் மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அவற்றைச் சென்னைக்குப் பரிந்துரைக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் வந்துபோகும் மக்கள் என்ற வாதம் அந்த முடிவுக்குத் துணைநின்றது. கோட்டயம் மாவட்டத்தில் இருந்த அவ்வட்டங்கள் 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டத்தின் பகுதியாயின. ஆனால் 'வந்துபோகிறவர்' என்ற சொல் மட்டும் கோப்பிலிருந்து வெளியேறவில்லை. தோட்ட லயத்தில் மூன்று தலைமுறையாக வாழ்பவரிடம் 1950க்கு முந்தைய குடியிருப்புச் சான்று கேட்பது, அவர் பெயரில் ஒருபோதும் இருந்திராத வீட்டின் பத்திரத்தைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

ஆய்வாளர்கள் மாநிலத்தை விடுத்து வட்டத்தை அலகாகக் கொள்ளத் தொடங்கினால் இச்சிக்கலின் ஒரு பகுதியேனும் தெளிவுறும். தடை ஆவணங்களின் சிதறலே. கொச்சி ஆவணங்களுக்கு எர்ணாகுளம், மலபாருக்குக் கோழிக்கோடு, திருவிதாங்கூருக்குத் திருவனந்தபுரம், கோயம்புத்தூர் மாவட்டத்திற்குச் சென்னை என ஒரே சாலையின் வரலாறு நான்கு ஆவணக்காப்பகங்களில் கிடக்கிறது. மலையாளமும் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே படிக்கத் தெரிந்தவரே அதைத் தொகுக்க இயலும். அத்தகைய மாணவர்கள் எல்லைக் கல்லூரிகளில் இருக்கின்றனர்; அவர்களிடம் இத்தலைப்பை எவரும் கொடுப்பதில்லை.


பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தில் மணக்கடவு அணையிலிருந்து சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் என்று ஒரு விதி உண்டு. 1970 மே 29 அன்று கையெழுத்தான அது 1958 நவம்பர் 9 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. நீருக்கு முன்தேதியிட இரு அரசுகளால் முடிந்திருக்கிறது. சித்தூரின் சான்றிதழ்க் கோப்புகளை 1950இன் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வட்டாட்சியர் அலுவலகமும் ஓர் ஆய்வு மாணவரும் போதும்.