குழவிக் கல்லை அடகு வாங்காதே

போன மாதம் எங்கள் வீட்டு மாடி அறையைக் காலி செய்துகொண்டு ஒரு பையன் போனான். தென்காசிப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. இரண்டு வருடம் இருந்தான், வாடகை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "சார், அட்வான்ஸ்..." என்று இழுத்தான்.

"வெள்ளையடிக்கணும்பா. கரண்ட் பில் வேற வரணும். புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தரேன்" என்றேன்.

வல்லம் வடகாலில் வீடு வாடகைக்கு விடும் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். அவனும் இதை எதிர்பார்த்தவன்போல "சரிங்க சார்" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். தொகை 20,000 ரூபாய்.

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவன். ராஜாக்களின் பெயரையும் யுத்தம் நடந்த வருடத்தையும் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தே காலம் போயிற்று. அந்த ராஜா காலத்தில் சாதாரண ஜனங்கள் என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை ரிட்டயர் ஆன பிறகுதான் வந்தது. இப்போது படித்துக்கொண்டிருப்பது பைபிள் காலத்து மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி. மத விஷயமாக இல்லை, சரித்திரமாகத்தான் படிக்கிறேன்.

படிக்கப் படிக்க நம்ம ஊர்க் கதை மாதிரியே இருந்தது. சுமார் 3,000 வருடங்களுக்கு முன் இஸ்ரவேல் மலைக் கிராமங்களில் இருந்த வீட்டை 'நான்கு அறை வீடு' என்கிறார்கள் தொல்லியல்காரர்கள். அடியில் கல், மேலே மண்கட்டிச் சுவர். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் ஆடு மாடு, ஒரு பக்கம் அடுப்பும் தானிய ஜாடிகளும். மேலே மரச்சட்டம் போட்டு மண் பூசிய தட்டைக் கூரை. வெயில் காலத்தில் குடும்பமே அங்கேதான் படுக்கும். யாரும் உருண்டு விழுந்துவிடக் கூடாது என்று கூரைக்குக் கைப்பிடிச் சுவர் கட்டச் சொல்லி அவர்கள் வேதத்திலேயே ஒரு விதி உண்டு.

சாப்பாடு ரொட்டி. ஏழைக்கு வாற்கோதுமை, கொஞ்சம் வசதி இருந்தால் கோதுமை. வீட்டுப் பெண்கள் அன்றன்றைக்கு வேண்டிய மாவை அன்றன்றைக்கே அரைத்தார்கள். அந்தக் காலத்து அரைக்கும் கல் ஏறக்குறைய நம் அம்மி மாதிரிதான். கீழே அசையாத பெரிய கல், மேலே முன்னும் பின்னும் தள்ளுகிற குழவி. சுற்றுகிற ஏந்திரம் பிற்காலத்தில் வந்தது. அரைக்கும் சத்தம் நின்றுபோன ஊர் பாழாய்ப் போன ஊர் என்ற பொருளில் எரேமியா தீர்க்கதரிசி பேசுகிறார். எங்கள் தெருவிலும் ஒரு காலத்தில் விடிகாலையில் உரல் சத்தம் கேட்டுத்தான் எழுந்தோம். இப்போது கம்பெனி பஸ்ஸின் ஹாரன் எழுப்புகிறது.

இந்த அன்றாட வாழ்க்கையை மனதில் வைத்துக்கொண்டு உபாகமம் 24-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே இருக்கும் சட்டங்கள் அப்போதுதான் புரியும். கடனுக்கு ஈடாக அரைக்கும் கல்லை வாங்காதே, மேல் கல்லையும் வாங்காதே என்கிறது ஒரு விதி. குழவியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் ரொட்டி கிடையாது. கடன்காரனுக்கு அது ஒரு கல். கடன் பட்டவனுக்கு அதுதான் சோறு.

இன்னொரு விதி, அடகுப் பொருளை வாங்க அவன் வீட்டுக்குள் நுழையாதே என்கிறது. நீ வெளியே நிற்க வேண்டும், அவன் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும். ராத்திரி அவனுக்குப் போர்வையும் அதுதான். கூலிக்காரனின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும். அன்றைய கூலியில் அன்றைய அடுப்பு எரிந்த காலம் அது.

சட்டம் இருந்தால் போதுமா? 1960-ல் இஸ்ரேலின் கடற்கரையில் மெசாத் ஹஷவ்யாகு என்ற பழைய கோட்டையில் ஓர் உடைந்த பானை ஓடு கிடைத்தது. அதில் மையால் எழுதிய எபிரேய எழுத்து, பதினான்கு வரி. கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டு. எழுதச் சொன்னவன் கதிர் அறுக்கும் கூலியாள், கோட்டை அதிகாரிக்கு மனுப் போடுகிறான். சொன்ன அளவு அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டேன், ஆனாலும் ஒசாயாகு என்பவர் வந்து என் துணியைப் பிடுங்கிக்கொண்டார், என்னோடு வெயிலில் அறுத்தவர்கள் எல்லோரும் சாட்சி சொல்வார்கள், தயவுசெய்து வாங்கித் தாருங்கள் என்பது சாரம். துணி திரும்பக் கிடைத்ததா என்று ஓடு சொல்லவில்லை. பிடுங்கியவன் பெயர் நமக்குத் தெரிகிறது. இழந்தவன் பெயர் ஓட்டில் இல்லை.

நம் பக்கத்தில் அந்தக் காலத்து ஜனங்கள் இல்லாமல் இல்லை. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-ல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, அடியில் ஆதி மனிதனின் கல் ஆயுதங்களும், அதற்கு மேலே சுமார் 2,000 வருடங்களுக்கு முந்தைய கண்ணாடி மணிகளும், ரோமானிய ஆம்போரா ஜாடியின் துண்டுகளும் வந்தன. ஆம்போரா என்பது ஒயினும் எண்ணெயும் கப்பலில் வரும் இரட்டைக் கைப்பிடி ஜாடி. இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டி, அதே ரோமாபுரி வியாபாரத்தின் சரக்கு இந்த மண்ணுக்கும் வந்திருக்கிறது. இங்கிருந்தும் ஆட்கள் போயிருக்கிறார்கள். எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் கதீமில் கிடைத்த ஒரு ஜாடி ஓட்டில் தமிழ் பிராமியில் 'பானை ஒறி' என்று எழுதியிருக்கிறது. பானையைத் தொங்கவிடும் உறிதான் அது. பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போன நம் ஆள், அங்கே ஏதோ ஒரு வாடகை அறையில்தானே தங்கியிருப்பான்?

இன்றைக்கு நம் ஊருக்குப் பிழைக்க வருகிறவர்கள் எத்தனை பேர்! பெண் தொழிலாளர்களுக்காக மட்டும் இங்கே சிப்காட்டில் 706.50 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்து வைத்தார். அதில் 18,720 பேர் தங்கலாம். அது நல்ல காரியம். மற்றவர்கள் எல்லாம் நம்மை மாதிரி ஆட்களின் மாடியிலும் ஷீட் போட்ட அறையிலும்தான். ஏரிப் பாசனமும் களத்துமேடுமாக இருந்தவர்கள் நாம். நிலம் கம்பெனிக்குப் போனபின் வாடகையை நம்பி இருக்கிறோம். நமக்கும் அது தேவைதான்.

ஆனால் அவர்களுடைய குழவிக் கல் எது என்று நாம் யோசித்ததுண்டா? பிள்ளைகளின் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிற ஏஜென்டுகள் உண்டு. வேறு இடத்தில் வேலை கிடைத்தாலும் அந்தப் பையன் போக முடியாது. இது அப்பட்டமாகக் குழவிக் கல்தான். சம்பளத்தை 7-ஆம் தேதிக்குள், 1,000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் 10-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று சொன்னது 1936-லேயே இந்த நாட்டில் வந்த சட்டம். அதுவும் தாமதமாகி, "சார், வாடகை நாலு நாள் பொறுங்க" என்று வருகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஏஜென்டைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. பையன் ஷிப்டுக்குப் போனபின் மாற்றுச் சாவி போட்டு, ஃபேன் ஓடுகிறதா, லைட் எரிகிறதா என்று அறைக்குள் போய்ப் பார்த்தவன் நான். வாசலிலேயே நில் என்ற விதி எனக்கும்தான். அட்வான்ஸ் பணத்தை என் பணம் மாதிரி பேங்கில் போட்டவனும் நான்தான்.

வீட்டுக்காரருக்கும் கஷ்டம் இருக்கிறது. குழாயை உடைத்துவிட்டுச் சொல்லாமல் போகிறவர்கள், மூன்று மாத வாடகை பாக்கி வைத்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடுகிறவர்கள், எல்லாம் உண்டு. அட்வான்ஸே வாங்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பழைய சட்டமும் அடகே கூடாது என்று சொல்லவில்லை. எதை வாங்கக் கூடாது, எப்போது திருப்பித் தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. உடைந்த குழாய்க்குப் பிடித்துக்கொள்ளுங்கள், கணக்கு எழுதிக் காட்டுங்கள். மீதியைச் சாவி வாங்கும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். இரண்டு வருடம் குடியிருந்தால் சுவர் அழுக்காகத்தான் செய்யும். வெள்ளையடிப்பது வீட்டுக்காரன் செலவு. அடுத்தவன் தரும் அட்வான்ஸில் முந்தியவனுக்குக் கொடுக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். சாவி வாங்கிய அன்று ராத்திரி அவனும் எங்கேயாவது படுக்க வேண்டுமே!

பானை ஓட்டுக் கதையைப் படித்த மறுநாள் பையனுக்குப் போன் செய்தேன். கரண்ட் பில் 640 ரூபாய் கழித்து மீதியை மகனை விட்டு ஜிபேயில் அனுப்பச் சொன்னேன். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றான். புது அறைக்கு எப்படிப்பா அட்வான்ஸ் கொடுத்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினான். ஊரில் அம்மாவின் தோட்டை அடகு வைத்து அனுப்பச் சொன்னானாம்.

நான் போன் செய்தது அவன் போன பன்னிரண்டாவது நாள். வட்டி எவ்வளவு ஆயிற்று, அதை நான் தருகிறேன் என்றேன். "அதெல்லாம் வேண்டாம் சார், பரவாயில்ல" என்றான். எவ்வளவு கேட்டும் தொகையைச் சொல்லவில்லை.